ஆய்வகத்தில் எழுதப்படாத சட்டங்கள்

இடஒதுக்கீடு வாசலைத் திறந்துவிட்டது. ஆனால் வாசலுக்கு உள்ளே கருவி யாருக்கு, நேரம் யாருக்கு, கட்டுரையில் முதல் பெயர் யாருக்கு என்பதை இன்றும் ஒருவரின் வாய்ச்சொல்தான் தீர்மானிக்கிறது.

1933-ல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தின் பி.எஸ்ஸி. தேர்வில் முதலிடம் பெற்ற கமலா பாகவத், பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் ஆராய்ச்சி செய்ய விண்ணப்பித்தார். அங்கே இயக்குநர் சி.வி. ராமன், நோபல் பரிசு வாங்கி மூன்று ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. பெண்ணுக்கு இடமில்லை என்று பதில் வந்தது. கமலா நேரில் போய் நின்று காரணம் கேட்டார். கடைசியில் இடம் கிடைத்தது, நிபந்தனைகளோடு. முதல் ஓராண்டு அவர் முறையான மாணவி ஆகமாட்டார். வேலை திருப்தியாக இருந்தால்தான் அந்த ஆண்டு கணக்கில் சேரும். அவர் அங்கே இருப்பதால் ஆண் ஆய்வாளர்களின் கவனம் கெடக் கூடாது. ஓராண்டில் ராமன் மனம் மாறினார். கழகத்தின் கதவு பெண்களுக்குத் திறந்தது. கமலா பிறகு கேம்பிரிட்ஜ் போய், செல்களின் சுவாசத்துக்குத் தேவையான சைட்டோகுரோம் சி தாவரங்களிலும் இருப்பதை உருளைக்கிழங்கில் ஆய்ந்து காட்டி, 1939-ல் பிஎச்.டி. பெற்றார். அறிவியலில் அந்தப் பட்டம் பெற்ற முதல் இந்தியப் பெண் என்று, கமலா சோஹோனி என்ற பிற்காலப் பெயரால், அவர் இன்று பரவலாகக் குறிப்பிடப்படுகிறார்.

இதை ஒரு பெண்ணின் மன உறுதிக்குச் சான்றாகச் சொல்லி முடித்துவிடுவது நம் வழக்கம். நிபந்தனைகளைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தால் வேறொன்று தெரியும். கமலாவைத் தடுத்ததும் ஒருவரின் தனிப்பட்ட தீர்ப்பு, உள்ளே விட்டதும் அதே ஒருவரின் தனிப்பட்ட தீர்ப்பு. இந்தத் தொண்ணூறு ஆண்டுகளில் நுழைவாயில் வெகுவாக மாறிவிட்டது. நுழைவுத் தேர்வு, கட்-ஆஃப், இனச்சுழற்சி, தரவரிசைப் பட்டியல், ஆர்.டி.ஐ. என்று கேள்வி கேட்க ஏதுவான ஒழுங்கு அங்கே வந்திருக்கிறது. ஆய்வகத்தின் உள்பக்கமோ பெரும்பாலும் 1933-லேயே நிற்கிறது. பன்மை, சமநீதி, அரவணைப்பு என்று பல்கலைக்கழகங்கள் இன்று சுவரொட்டி ஒட்டுகின்றன. ஆண்டுக்கொரு கருத்தரங்கும் நடத்துகின்றன. அவற்றால் ஆகப்போவது குறைவு. ஆய்வகத்துக்குள் வாய்மொழியாக நடப்பதை எழுத்துக்குக் கொண்டுவருவதும், எழுதியதை எவரும் கேள்வி கேட்க இடம் விடுவதும்தான் உண்மையான வேலை என்பது இந்தக் கட்டுரையின் வாதம்.

வந்தவர்கள் எங்கே போனார்கள்?

முதலில் கணக்கைப் பார்ப்போம். மத்திய அரசின் உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி 2021-22-ல் நாட்டில் பிஎச்.டி. படித்தவர்கள் ஏறத்தாழ 2.13 லட்சம் பேர். அவர்களில் பெண்கள் 99 ஆயிரத்தை ஒட்டி, அதாவது பாதிக்குக் கொஞ்சம் குறைவு. அறிவியல், பொறியியல் துறைகளின் ஆசிரியர் பட்டியலை எண்ணிப் பார்த்தால் பெண்களின் பங்கு ஏறத்தாழ 17 சதவீதத்துக்கு இறங்கிவிடுகிறது. சாதியின் கணக்கு இன்னும் கடுமையானது. 2015 முதல் 2019 வரை ஐ.ஐ.டி.களில் பிஎச்.டி. சேர்ந்தவர்களில் எஸ்.சி. பிரிவினர் 9 சதவீத அளவு, எஸ்.டி. பிரிவினர் 2 சதவீத அளவு. சட்டப்படி இருக்க வேண்டியதோ 15-ம் 7.5-ம். முன்னணி ஐ.ஐ.டி.களின் பேராசிரியர்களில் தலித்துகளும் பழங்குடியினரும் ஒரு சதவீதத்தைக்கூட எட்டவில்லை என்று ‘நேச்சர்’ ஆய்விதழ் 2023 ஜனவரியில் எழுதியது. 2011 மக்கள்தொகைக் கணக்கில் இந்த இரு பிரிவினரும் சேர்ந்து நாட்டில் நான்கில் ஒருவர். உயர்கல்வியில் சேர்வோர் விகிதம் நாடு முழுக்க 28.4 சதவீதமாக இருக்கையில் 47 சதவீதத்தைத் தொட்டிருக்கும் தமிழ்நாடு, இதைக் கண்டு தோளைத் தட்டிக்கொள்ள முடியாது. முதல் தலைமுறைப் பட்டதாரிகள் இவ்வளவு பேரை அனுப்பும் மாநிலத்துக்குத்தான், அனுப்பி வைத்த இடத்தில் அவர்கள் என்ன ஆனார்கள் என்ற கவலை அதிகம் இருக்க வேண்டும்.

வகுப்பறையும் ஆய்வகமும் ஒரே வளாகத்தில் இருந்தாலும் இரண்டும் இரண்டு உலகம். வகுப்பறைக்குப் பாடத்திட்டம் உண்டு, தேர்வுத் தேதி உண்டு, விடைத்தாளில் பெயருக்குப் பதில் எண் உண்டு. ஆய்வகத்தில் எல்லாமே கைடு என்ற ஆய்வு வழிகாட்டி. தலைப்பைத் தருவதும், எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் யாருக்குப் பகல் நேரம், யாருக்கு நள்ளிரவு என்று சொல்வதும், எந்த ஸ்காலரை வெளிநாட்டு மாநாட்டுக்கு அனுப்புவது, கட்டுரையில் யார் பெயர் முதலில், சினாப்சிஸ் எப்போது, பரிந்துரைக் கடிதத்தில் எத்தனை வரி என்பதெல்லாம் அவர் கையில். ஆய்வகத்தின் ஒரு சாதாரண நாளை எடுத்துக்கொள்ளுங்கள். குடுவைகளைக் கழுவ வேண்டும். வேதிப்பொருள் வாங்க மூன்று கொட்டேஷன் திரட்ட வேண்டும். விருந்தினர் வந்தால் தேநீருக்குச் சொல்ல வேண்டும். புதிதாக வந்த எம்.எஸ்ஸி. மாணவருக்குக் கருவி சொல்லித்தர வேண்டும். இவை எதற்கும் கட்டுரையில் பெயர் வராது. இந்த வேலைகள் யார் தலையில் விடிகின்றன என்று ஒரு மாதம் குறித்து வைத்தால், பல இடங்களில் ஒரே இரண்டு மூன்று பெயர்கள் திரும்பத் திரும்ப வரும். கைடு வீட்டுக் காய்கறிப் பையும் பிள்ளையைப் பள்ளியிலிருந்து அழைத்துவரும் பொறுப்பும் இந்தப் பட்டியலில் சேரும் ஊர்களும் உண்டு. யாரும் கட்டளையிடுவதில்லை, ‘கொஞ்சம் பார்த்துக்கோப்பா’ என்ற ஒரு சொல் போதும்.

ஒருவரின் விருப்புவெறுப்புக்கு இடம் பெரிதாக இருக்குமிடத்தில் பாகுபாடு எளிதாகக் குடியேறும் என்பதற்குச் சான்றுகள் உண்டு. டெல்லி எய்ம்ஸில் எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களின் நிலையை ஆராய மத்திய அரசு அமைத்த சுகதேவ் தோரட் குழு 2007-ல் அறிக்கை தந்தது. செய்முறைத் தேர்விலும் வைவா என்ற வாய்மொழித் தேர்விலும் தங்களுக்கு நியாயம் கிடைக்கவில்லை என்றும், தேர்வாளர்கள் சாதியை நேராகவோ சுற்றிவளைத்தோ விசாரித்ததாகவும் பெரும்பாலான மாணவர்கள் அக்குழுவிடம் சொன்னார்கள். டெல்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகம் அமைத்த அப்துல் நாஃபே குழு, 2012 முதல் 2015 வரையிலான சேர்க்கை மதிப்பெண்களை அலசியது. எழுத்துத் தேர்வுக்கும் வைவாவுக்கும் இடையிலான மதிப்பெண் வித்தியாசம் சமூகப் பிரிவுகளுக்கு ஏற்ப மாறும் போக்கு பாகுபாட்டைக் காட்டுவதாகக் கண்டு, வைவா மதிப்பெண்ணை 30-லிருந்து 15-ஆகக் குறைக்கச் சொன்னது. நடந்ததோ நேர்மாறு. பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) 2016 விதிமுறைகளைக் காட்டி, எழுத்துத் தேர்வு வெறும் தகுதிச் சுற்றாகி, இறுதித் தேர்வு முழுக்க வைவாவின் கைக்குப் போனது. அந்தப் பல்கலைக்கழகத்தில் படித்த சேலம் முத்துகிருஷ்ணன், ஆராய்ச்சிச் சேர்க்கையிலும் வைவாவிலும் சமத்துவம் இல்லை என்று முகநூலில் எழுதிய சில நாட்களில், 2017 மார்ச்சில் இறந்தார். எழுத்துக்கு 70, வைவாவுக்கு 30 என்ற விகிதம் 2018-ல்தான் விதியானது.

இதைக் கெட்ட மனிதர்களின் கதையாகப் படித்தால் தவறான இடத்தில் மருந்து போடுவோம். அமெரிக்காவில் 2012-ல் வெளியான ஓர் ஆய்வில், 127 அறிவியல் பேராசிரியர்களிடம் ஆய்வக மேலாளர் பணிக்கான ஒரே விண்ணப்பத்தைக் கொடுத்தார்கள். பாதிப் பேருக்கு வந்த விண்ணப்பத்தில் பெயர் ஜான். மீதிப் பேருக்கு ஜெனிஃபர். தகுதி, அனுபவம், மதிப்பெண் எல்லாம் எழுத்துக்கு எழுத்து ஒன்று. ஜான் திறமைசாலியாகத் தெரிந்தார். அவருக்கு ஆண்டுக்கு 30,238 டாலர் தரலாம் என்றார்கள், ஜெனிஃபருக்கு 26,508. பெண் பேராசிரியர்களும் ஆண்களைப் போலவேதான் மதிப்பிட்டார்கள். நம் நாட்டில் தோரட்டும் பால் அட்வெல்லும் 2007-ல் வெளியிட்ட ஆய்வில், தனியார் நிறுவனங்களுக்குச் சம தகுதியுள்ள விண்ணப்பங்கள் வெவ்வேறு பெயர்களில் போயின. தலித் என்று தெரியும் பெயருக்கு அழைப்பு வரும் சாத்தியம், உயர்சாதிப் பெயரோடு ஒப்பிட்டால் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. மதிப்பிட்டவர்கள் எல்லாரும் தங்களை நியாயவான்கள் என்றே நம்பியிருப்பார்கள். அளவுகோல் கையில் இல்லாதபோது கண் தனக்குப் பழகிய முகத்தைத் தேடுகிறது. அதனால்தான் மனத்தைத் திருத்தும் சொற்பொழிவைவிட அளவுகோலை எழுதிக் கையில் கொடுப்பது பலன் தரும்.

அறிவியலுக்கு இதில் என்ன லாபம்?

நியாயம் என்ற ஒரு காரணமே போதும். ஆனாலும் ஆய்வகம் கண்டுபிடிப்புக்காக நடப்பது, எனவே இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் வேண்டும். கொரோனா காலத்தில் வீட்டுக்கு வீடு விரலில் மாட்டிய ஆக்சிமீட்டரை நினைத்துக்கொள்ளுங்கள். அது ஒளியைத் தோல் வழியே செலுத்தி ரத்தத்தின் ஆக்சிஜனை ஊகிக்கிறது. ஆக்சிஜன் அபாய அளவுக்குக் குறைந்திருந்தும் கருவி ‘பரவாயில்லை’ என்று காட்டிய சம்பவங்கள் வெள்ளை நோயாளிகளைவிடக் கறுப்பின நோயாளிகளிடம் ஏறத்தாழ மூன்று மடங்கு என்று 2020 டிசம்பரில் அமெரிக்க மருத்துவ ஆய்வு ஒன்று காட்டியது. பல பத்தாண்டுகளாக மருத்துவமனைகளில் புழங்கிய கருவி அது. முகம் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் மென்பொருள்களை 2018-ல் ஜாய் புவலம்வினியும் டிம்னிட் கெப்ருவும் சோதித்தபோது, வெளிர்நிற ஆண்களிடம் பிழை அதிகபட்சம் 0.8 சதவீதம், கருநிறப் பெண்களிடம் அது 34.7 சதவீதம் வரை போனது. புவலம்வினி கருநிறப் பெண். தன் முகத்தையே கருவி கண்டுகொள்ளாமல் போனதிலிருந்துதான் அந்த ஆராய்ச்சிக் கேள்வி அவருக்குப் பிறந்தது. ஆய்வகத்தில் அப்படியொருவர் இல்லையென்றால் கேள்வியே எழாது. எழாத கேள்விக்கு எந்தப் புள்ளிவிவரமும் பதில் தராது.

பன்மை இருந்தால் தானாகக் கண்டுபிடிப்பு பெருகும் என்று சொல்வது மிகை. 2000-க்குப் பிறகு வந்த 66 லட்சம் மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளை அலசிய 2022-ஆம் ஆண்டு ஆய்வு, ஆணும் பெண்ணும் கலந்த குழுக்களின் கட்டுரைகளில் புதுமையும் மேற்கோள் காட்டப்படுவதும் அதிகம் என்றது. ஆனால் கலந்ததால் நன்றாக இருந்ததா, நன்றாக நடக்கும் குழுக்களில் எல்லாரும் கலக்கிறார்களா என்பதை அந்தக் கணக்கு முடிவாகச் சொல்லாது. இதைவிட யோசிக்க வைப்பது 2020-ல் வந்த மற்றோர் ஆய்வு. அமெரிக்காவில் 1977 முதல் 2015 வரை பெறப்பட்ட ஏறத்தாழ 12 லட்சம் முனைவர் பட்ட ஆய்வேடுகளை அது ஆராய்ந்தது. துறையில் சிறுபான்மையாக இருப்பவர்கள் புதிய கருத்திணைப்புகளை அதிகம் கொண்டுவருகிறார்கள். அதே புதுமையை மற்றவர்கள் எடுத்துக் கையாள்வதோ குறைவு. வேலை வாய்ப்பிலும் அதற்குரிய பலன் அவர்களுக்குக் கிட்டுவதில்லை. ஆளைச் சேர்த்துவிட்டு அவர் பேச்சைக் கேட்காமல் விடுகிற ஆய்வகம், சம்பளம் கொடுத்து வாங்கிய அறிவைத் தானே வீணாக்குகிறது.

மறுப்புகளும் பதில்களும்

எதிர்த்தரப்பின் முதல் வாதம் தகுதி. சலுகையால் வந்தவர்களால் தரம் விழும் என்கிறார்கள். இதை இந்தியாவிலேயே அளந்து பார்த்திருக்கிறார்கள். அஸ்வினி தேஷ்பாண்டேயும் தாமஸ் வைஸ்கோஃபும் 1980 முதல் 2002 வரையிலான இந்திய ரயில்வேயின் உற்பத்தித் திறனை ஆராய்ந்தனர். எஸ்.சி., எஸ்.டி. ஊழியர்களின் பங்கு கூடியதால் திறன் குறைந்ததற்கு எந்தச் சான்றும் இல்லை. உயர் பதவிகளில் சில இடங்களில் நன்மையே தெரிந்தது. ரயில்வே வேறு, ஆய்வகம் வேறு என்று சொல்லலாம். அப்படியென்றால் ஆய்வகத்தில் தகுதியை எப்படி அளக்கிறோம் என்று கேட்க வேண்டும். நுண்ணோக்கியில் நள்ளிரவு நேரமே கிடைத்தவரும் பகல் நேரம் கிடைத்தவரும் ஐந்தாண்டு முடிவில் வெளியிட்ட கட்டுரைகளின் எண்ணிக்கையை ஒப்பிட்டு ஒருவரைத் திறமைசாலி என்பது, ஒருவருக்கு உழுத நிலமும் மற்றவருக்குக் கரம்பும் கொடுத்துவிட்டு விளைச்சலை ஒப்பிடுவது போன்றது.

அடுத்தது ஆளே இல்லை என்ற வாதம். ஆசிரியர் நியமன இடஒதுக்கீட்டிலிருந்து ஐ.ஐ.டி.களுக்கு விலக்குத் தரலாம் என்று 2020-ல் பரிந்துரைத்த அரசுக் குழு சொன்ன காரணங்களில் ஒன்று, ஒதுக்கப்பட்ட பிரிவுகளில் பிஎச்.டி. முடித்தவர்கள் குறைவு என்பது. பிஎச்.டி. தருவது அதே நிறுவனங்கள்தான். தன் ஆய்வகத்தில் சேர்க்காமலும், சேர்ந்தவரை முடிக்கவிடாமலும் இருந்துவிட்டு, முடித்தவர் இல்லை என்று கைவிரிப்பதை வாதம் என்று ஏற்க முடியாது.

மூன்றாவது, பன்மை பற்றிய இந்தப் பேச்சே அமெரிக்காவிலிருந்து இறக்குமதியான பாணி, அங்கேயே 2025 ஜனவரியில் அதிபர் டிரம்ப் உத்தரவு போட்டு மூட்டை கட்டிவிட்டார் என்பது. பன்மை, சமநீதி, அரவணைப்பு மூன்றையும் சேர்த்துச் சொல்லும் ‘டி.இ.ஐ.’ என்ற பெயர் வேண்டுமானால் அங்கிருந்து வந்திருக்கலாம். சென்னை மாகாணத்தில் நீதிக்கட்சி அரசு வகுப்புவாரி அரசாணை போட்டது 1921-ல். அந்த வழியில் பின்னர் வந்த ஆணையை எதிர்த்த செண்பகம் துரைராஜன் வழக்கில் 1951-ல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்ததும், அதே ஆண்டில் அரசமைப்பின் முதல் திருத்தம் 15(4) என்ற பிரிவைத் தந்ததும் வரலாறு. வாஷிங்டனில் யார் கையெழுத்துப் போட்டாலும் அந்தப் பிரிவு அழியாது.

நான்காவது வாதம் வலுவானது. நல்ல கைடுகள் சொல்வது. ஆராய்ச்சி அலுவலகக் கோப்பு அல்ல, ஆய்வகம் ஒரு குடும்பம் மாதிரி, எல்லாவற்றையும் விதியாக்கினால் உறவு செத்துப்போகும் என்பது. உண்மைதான், படிவம் நிரப்புவதில் நீதி பிறப்பதில்லை. நிறுவனங்களில் கட்டாயப் பன்மைப் பயிற்சி வகுப்புகள் பலன் தராததையும், வழிகாட்டி ஏற்பாடுகளும் பொறுப்பேற்கும் குழுக்களும் பலன் தருவதையும் அமெரிக்கச் சமூகவியலாளர்கள் ஃபிராங்க் டாபினும் அலெக்ஸாண்ட்ரா கலேவும் காட்டியிருக்கிறார்கள். ஆனால் குடும்பம் என்ற உவமை கைடுகள் நினைப்பதைவிடப் பொருத்தமானது. குடும்பமும் எழுதப்படாத சட்டங்களால் ஆளப்படுவதுதான். அங்கே கடைசியாகச் சாப்பிட உட்காருபவர் யார் என்பது நமக்குத் தெரியும்.

எதை எழுதுவது?

அதிகம் வேண்டாம். நான்கைந்து பக்கக் கையேடு போதும், ஆய்வகத்தில் சேரும் நாளன்றே கையில் தரப்பட வேண்டும். கட்டுரையில் பெயர் வரிசை எந்த அடிப்படையில் என்பது சோதனை தொடங்கும் முன்பே தெரிய வேண்டும். கருவி நேரம் எல்லார் கண்ணிலும் படும் பதிவேட்டில் இருக்க வேண்டும். குடுவை கழுவுவது முதல் கொட்டேஷன் வரை முறைவைத்துச் சுழல வேண்டும். வாரக் கூட்டத்தில் எல்லாருக்கும் பேசும் முறை வர வேண்டும். தமிழ் வழியில் படித்து வந்தவர் தன் முடிவை முதலில் தமிழில் விளக்கிப் பிறகு ஆங்கிலத்தில் எழுதினால் அறிவியல் குறைந்துவிடாது. சக்கர நாற்காலியில் வருபவருக்கு எட்டும் உயரத்தில் ஒரு மேசையும் ஒரு புகைக்கூண்டும் வேண்டும். யு.ஜி.சி. விதிப்படி பெண்களுக்கு 240 நாள் மகப்பேறு, குழந்தை வளர்ப்பு விடுப்பும், பெண்களுக்கும் 40 சதவீதத்துக்கு மேல் ஊனமுற்றவர்களுக்கும் இரண்டு ஆண்டு கூடுதல் அவகாசமும் உண்டு. அதைக் கேட்பதற்கே தயங்க வேண்டிய சூழல் இருந்தால் விதி இருந்தும் இல்லாததுதான்.

பணத்தையும் எழுத்தில் கொண்டுவர வேண்டும். 2023 ஜனவரி முதல் ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய். எல்லாருக்கும் அதே தொகைதான், அது நாலு மாதம் தாமதமாகும்போது மட்டும் எல்லாருக்கும் ஒன்றாக இருப்பதில்லை. ஒருவர் அப்பாவிடம் வாங்கிக்கொள்வார். மற்றவர் வீட்டுக்கு அனுப்ப வேண்டியதையும் அனுப்ப முடியாமல் தவிப்பார். 2016 ஜனவரியில் இறந்த ஹைதராபாத் ஆய்வு மாணவர் ரோஹித் வெமுலாவின் கடைசிக் கடிதத்தில் ஏழு மாத உதவித்தொகை பாக்கியும் இடம்பெற்றிருந்தது. தாமதமாகும் மாதங்களுக்கு முன்பணம் தரும் சிறு நிதி ஒன்று துறைக்குத் துறை இருப்பது, நூறு கருத்தரங்குகளுக்குச் சமம். கைடோடு முரண்பட்டால் ஆராய்ச்சியே முடிந்துபோகும் என்ற பயம் நீங்க, தொடக்கத்திலேயே இன்னொரு வழிகாட்டியும், புகாரைத் துறைக்கு வெளியே கேட்கும் அமைப்பும் வேண்டும். பாகுபாட்டைத் தடுக்க 2012-லேயே யு.ஜி.சி. விதிமுறை கொண்டுவந்தது. பெண்களுக்கான சூழலை நிறுவனங்கள் தாங்களே அளந்து திருத்திக்கொள்ள, பிரிட்டனின் அதீனா ஸ்வான் முறையை ஒட்டி ‘கதி’ திட்டத்தை மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை 2020-ல் தொடங்கியது. டெல்லியில் அச்சாகும் விதி, ஆய்வக மேசைவரை வந்து சேர்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

எழுதிய விதியும் அநீதி செய்யுமே என்று கேட்கலாம். செய்திருக்கிறது. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த அன்னா மாணி 1940-ல் ராமனின் ஆய்வகத்துக்கு வந்தார். கமலாவுக்கு மூடியிருந்த கதவு இவருக்குத் திறந்திருந்தது. உள்ளே ஆண்களும் பெண்களும் கலந்து பேச இடமில்லாமல் பிரிவினை நீடித்தது. வைரங்களின் ஒளிர்வைப் பதிய நிழற்படத் தகட்டை 15, 20 மணி நேரம் ஒளியில் வைத்திருக்க வேண்டும். பல இரவுகள் அவர் ஆய்வகத்திலேயே தூங்கினார். வைரம், மாணிக்கக் கல் பற்றித் தனி ஆளாக ஐந்து கட்டுரைகள் வெளியிட்டு, 1945-ல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு ஆய்வேட்டை அனுப்பினார். எம்.எஸ்ஸி. இல்லை என்று பட்டம் மறுக்கப்பட்டது. அவர் வானிலைக் கருவிகள் பக்கம் போய் நாட்டின் முன்னணி வானிலை அறிவியலாளர் ஆனார். பல்கலைக்கழகம் சொன்ன காரணம் எழுத்தில் இருந்ததால்தான் இன்று நம்மால் அதைப் படித்து, இது என்ன நியாயம் என்று கேட்க முடிகிறது, எம்.எஸ்ஸி. என்ற வரியைத் திருத்தவும் முடியும். ஆண்களோடு பேசாதே என்று ஆய்வகத்தில் நிலவிய வழக்கத்தைத் திருத்த எந்த வரியும் இல்லை. பெங்களூரு ராமன் ஆராய்ச்சி நிறுவனத்தின் நூலகத்தில் அந்த ஆய்வேடு இன்னும் இருக்கிறது. பட்டம் பெற்றவர்களின் ஆய்வேடுகளைப் போலவே அதற்கும் கெட்டி அட்டை போட்டிருக்கிறார்கள். அலமாரியில் பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியாது.